வளைந்து வெட்டிய குழி

எனக்கு எண்பத்தொன்பது வயது ஆகிறது. ஐந்து பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். ஐந்தும் நன்றாக இருக்கின்றன. பள்ளிக்கூடத்தில் நான் உட்கார்ந்தது கொஞ்ச காலம்தான். பிற்பாடு எழுத்துக் கூட்டிப் படித்ததெல்லாம் மளிகைப் பொட்டலம் கட்டி வந்த காகிதங்களில். ஆனாலும் எங்கள் தெருவில் யார் வீட்டுக்குக் கல்யாணப் பத்திரிகை வந்தாலும் என்னிடம்தான் கொண்டுவந்து படிக்கச் சொல்வார்கள். அதனால் இதை நானே என் கையால் எழுதுகிறேன். மெதுவாகத்தான் எழுதுவேன். எனக்கு எங்கேயும் போக வேண்டியது இல்லை.

சொல்ல வந்தது என் மாமாவைப் பற்றி. அம்மாவின் தம்பி. வெள்ளைக்காரனும் ஜப்பான்காரனும் சண்டை போட்ட காலத்தில் ரங்கூனிலிருந்து நடந்தே வந்தவர். மலையும் காடும் தாண்டி, கல்கத்தாவில் ரயிலேறி, எங்கள் தாராவிக் குடிசை வாசலில் வந்து நின்றபோது அம்மா அவரைப் பிச்சைக்காரன் என்று நினைத்து, "கை வேலையா இருக்கு, போய்ட்டு வா" என்றாள். அவர் போகவில்லை. "யக்கா, நாந்தான்" என்றார். அம்மா கையில் இருந்த அகப்பையைப் போட்டுவிட்டு அழுதாள்.

எங்கள் தெருவில் எல்லாரும் திருநெல்வேலிப் பக்கத்து ஆட்கள். ஆண்கள் தோல் பதனிடுகிற ஷாப்பில் வேலை செய்தார்கள். என் அய்யா சுண்ணாம்புத் தொட்டியில் தோலை ஊறப்போட்டுப் புரட்டுகிறவர். வீட்டுக்கு வந்தால் அவர் கை வெளுத்துப் போய் வெடிப்பு வெடிப்பாக இருக்கும். தெருவுக்குப் பின்னால் உப்பங்கழி. கடல் ஏறினால் அங்கே தண்ணீர் ஏறும், கடல் இறங்கினால் சேறு நாறும். நடுவில் ஒரே ஒரு மேடு. முள்ளும் புல்லும் மண்டிக் கிடக்கும். மேட்டுப் பக்கம் விளையாடப் போனால் எங்கள் எல்லார் வீட்டிலும் அடி விழும். ஏன் என்று யாரும் சொன்னதில்லை. அந்தக் காலத்தில் பிள்ளைகளுக்கு எதற்கும் காரணம் சொல்கிற வழக்கம் இல்லை.

பம்பாயில் குண்டு விழப்போகிறது என்று பேச்சு வந்ததும் மாட்டுங்காவில் ஆபீஸ் உத்தியோகக் குடும்பங்கள் பெண்டு பிள்ளைகளை ரயிலேற்றிப் பாலக்காட்டுக்கு அனுப்பிவிட்டன. கிங்ஸ் சர்க்கிளில் பாதி வீடு பூட்டிக் கிடக்கிறது என்றார் அய்யா. எங்களை எங்கே அனுப்புவது? ஊரில் கஞ்சிக்கு வழி இருந்திருந்தால் தோல் நாற்றத்துக்கு ஏன் வரப்போகிறோம்? குண்டு விழுந்தால் இங்கேதான் விழவேண்டும் என்று தெருவே உட்கார்ந்திருந்தது.

சர்க்காரிலிருந்து காக்கி அரைக்கால் சட்டை போட்ட ஒரு அதிகாரி வந்தார். தெருவுக்கு ஒரு வார்டன் வேண்டும், சம்பளம் கிடையாது, தொண்டு வேலை என்றார். எங்கள் ஆட்களுக்கு இந்தி அரையும் குறையும். மாமா ரங்கூன் துறைமுகத்தில் எல்லா சாதி ஆட்களோடும் மூட்டை தூக்கியவர், இந்துஸ்தானி தண்ணீராக வரும். அவர் முன்னால் போய் நின்றார். ஒரு இரும்புத் தொப்பி, ஒரு விசில், கையில் கட்டுவதற்கு ஒரு பட்டை, இவ்வளவும் கிடைத்தன.

எதிர்வீட்டில் ஒரு பெரியம்மை இருந்தாள். சொந்தம் இல்லை, ஆனாலும் பெரியம்மைதான். அவள் வாய்க்குத் தெருவே பயப்படும். மாமா முதல் நாள் தொப்பியோடு இறங்கி வந்ததும் அவள் வாசலில் நின்றுகொண்டு, "ஏலே வார்டன், அந்தச் சட்டியக் கொஞ்சம் குடுத்துட்டுப் போ. குழம்பு கூட்டணும்" என்றாள்.

"சட்டி இல்ல மைனி, இது தலைக்குக் காவல்."

"உள்ள என்ன இருக்குன்னுலே காவல் போடுதான் வெள்ளக்காரன்?"

தெரு சிரித்தது. மாமாவும் சிரித்தார். பொழுது சாயும்போது வீடு வீடாகப் போய், "வெளக்க மறைங்க, வெளிச்சம் வெளிய தெரியக் கூடாது" என்று சொல்லுவார். "எங்க வீட்டு மண்ணெண்ணெய் வெளக்கு ஜப்பான்காரன் கண்ணுக்குத் தெரியுமாம்ல" என்று பெரியம்மை உள்ளேயிருந்து சொல்லுவாள். ஆனால் விளக்கை மறைத்துவிடுவாள்.

மற்றவர்களுக்குக் குண்டு என்பது ஒரு பேச்சு. மாமாவுக்கு அப்படி இல்லை. அதைப் பார்த்தவர் தெருவில் அவர் ஒருவர்தான். முதல் விமானம் வந்தபோது ரங்கூனில் எல்லாரும் தெருவில் இறங்கி, கையைக் கண்ணுக்கு மேல் வைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தார்களாம். பார்த்துக்கொண்டே இருந்தார்களாம். அதற்கு மேல் அவர் சொல்லமாட்டார். சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பார், சாப்பிடமாட்டார்.

பிறகு குழி வெட்டும் வேலை வந்தது. அபாயச் சங்கு ஊதினால் சனங்கள் ஓடிப்போய்ப் பதுங்குவதற்கு ஆள் உயரத்தில் நீளக் குழி. அதிகாரி எங்கே கம்பியைக் குத்தினாலும் முழங்கால் ஆழத்துக்குள் தண்ணீர் ஊறிவிட்டது. "பானி, சாப், சப் ஜகா பானி", எல்லா இடமும் தண்ணீர் என்று மாமாவும் கூடவே நடந்தார். கடைசியில் மாமாதான் அந்த மேட்டைக் கைகாட்டினார். காய்ந்த மண். யாரும் குடியில்லாத இடம். அதிகாரி அவர் தோளில் தட்டிக் கொடுத்தார். வெளி ஆட்களைக் கூட்டிவந்து, எங்கள் ஆண்கள் வேலைக்குப் போயிருந்த நேரத்தில், நூல் பிடித்ததுபோல ஒரே நேராகக் குழியை வெட்டிவிட்டார்கள்.

பெண்கள் எல்லாரும் வந்து தெருக்கோடியில் நின்று பார்த்தார்கள். எப்போதும் ஒருத்தி பேசி முடிப்பதற்குள் இன்னொருத்தி ஆரம்பிக்கிற கூட்டம் அது. அன்றைக்கு ஒருத்தி வாயையும் திறக்கவில்லை. பெரியம்மைகூட உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். மாமா அதைப் பார்த்து, தெரு மலைத்துப் போய்விட்டது என்று சந்தோஷப்பட்டார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

முதல் ஒத்திகைக்குச் சங்கு ஊதியது. மாமா கன்னம் புடைக்க விசில் ஊதிக்கொண்டு தெருவின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடினார். பெண்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார்கள். மேட்டுக்குக் கொஞ்சம் இந்தப் பக்கமே நின்றுவிட்டார்கள். ஒருத்தியும் குழியில் இறங்கவில்லை. என் அம்மாவும் இறங்கவில்லை.

அதிகாரி வந்து ஏன் என்று கேட்டார். ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். "பாம்பு கெடக்கு" என்றாள் பெரியம்மை.

நியாயமான பேச்சுதான். அதிகாரி அடுத்த நாளே ஒரு பாம்பாட்டியை அனுப்பினார். அவன் குழிக்குள் இறங்கி மகுடி ஊதி, தடியால் தட்டி, கடைசியில் ஒரு பாம்பைத் தூக்கிக் காட்டினான். அந்தப் பாம்பு அவன் கூடையிலிருந்து அவன் துணிமூட்டைக்குப் போனதை, வரும் வழியிலேயே நான் பார்த்துவிட்டேன். சொல்லவில்லை. எனக்குப் பாம்பு பிடித்திருந்தது. அதிகாரி அவனுக்குக் காசு கொடுத்து அனுப்பிவிட்டு, "சாம்ப் கயா, அப் ஜாவ்" என்றார். பாம்பு போயிற்று, இனிமேல் இறங்குங்கள் என்று. இறங்கவில்லை.

"நாத்தம் தாங்கல" என்றார்கள். தோல் ஷாப்பை ஒட்டிக் குடியிருப்பவர்கள் சொல்கிற பேச்சா இது? ஆனாலும் அதிகாரி நல்ல மனிதர். ஒரு வண்டி பினாயில் கொண்டுவந்து ஊற்றினார். குழி ஆஸ்பத்திரி மாதிரி மணத்தது. இறங்கவில்லை. "ஆம்பளையும் பொம்பளையும் ஒரே குழியில எப்பிடி இருக்கது?" என்றார்கள். நடுவில் சாக்குப் படுதா கட்டினார். அதற்கும் இறங்கவில்லை. அந்த மனிதர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு மாமாவைத் தனியே கூட்டிப்போய்ப் பேசினார். அடுத்த ஒத்திகைக்குப் பெரிய துரை வருகிறார். அன்றைக்கும் தெரு இறங்காவிட்டால் குழியை மூடிவிட்டு ரயில் லைனுக்கு அந்தப் பக்கம் வேறு ஆட்களுக்கு வெட்டுவோம். குண்டு விழுந்தால் உங்களுக்கு ஒதுங்க இடம் கிடையாது, நீயும் தொப்பியைக் கழற்றிக் கொடுத்துவிடு என்று சொல்லிவிட்டாராம்.

மாமா அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சண்டை போட்டார். அவர் அம்மாவிடம் குரல் உயர்த்தி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

"ஊருக்காரப் பொம்பளைக எறங்கல, சரி. கூடப் பொறந்தவ நீயே எறங்கலன்னா எவ எறங்குவா? எனக்குத் தொப்பி போறதப் பத்திச் சொல்லலக்கா. ரங்கூன்ல நின்னு பாத்தவன் ஒருத்தனும் எந்திரிக்கல. பள்ளத்துல கெடந்தவன் எந்திரிச்சான். நான் அப்பிடித்தான் எந்திரிச்சேன்."

அம்மா அடுப்பில் விறகைத் தள்ளினாள்.

"வாயத் தொறந்து சொல்லேன். என்ன இருக்கு அங்கன?"

"ஒண்ணும் இல்ல."

"ஒண்ணும் இல்லல்லா? நீ வா புள்ள" என்று மாமா என் கையைப் பிடித்துத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். எனக்குக் கொண்டாட்டம். தொப்பியை என் தலையில் கவிழ்த்தார். கண்வரைக்கும் வந்தது. குழிக்குள் இறங்கி என்னை நிற்க வைத்து, "ஏ, எல்லாரும் பாருங்க, சின்னப் புள்ள எறங்கிட்டா, இவள பாம்பும் கடிக்கல பேயும் பிடிக்கல" என்று கத்தினார். நான் அங்கே நின்று குதித்தேன்.

அம்மா வந்த வேகம் இப்போதும் கண்ணில் நிற்கிறது. தலைமுடி அவிழ்ந்து கிடந்தது. கரையில் மண்டியிட்டு, என் கையை எட்டிப் பிடித்து மேலே இழுத்தாள். தொப்பி உருண்டு போயிற்று. என்னை இழுத்துக்கொண்டு வீட்டு வாசல்வரைக்கும் வந்தாள். உள்ளே விடவில்லை. வாசலிலேயே நிறுத்தி, பானையை எடுத்து வந்து, போட்டிருந்த துணியோடு என் தலையில் தண்ணீர் ஊற்றினாள். தெருக்குழாயில் கியூ நின்று பிடித்த குடிதண்ணீர் முழுவதையும் ஊற்றினாள். அழுக்குப் பட்டதற்கு இவ்வளவு தண்ணீரா என்று எனக்கு ஆச்சரியம்.

பின்னால் வந்த மாமா பாதித் தெருவில் நின்றுவிட்டார். அப்படி ஒரு குளியலை எந்த இடத்துக்குப் போய்வந்தவர்களுக்கு ஊற்றுவார்கள் என்று அவருக்குத் தெரியாதா? சாவு வீட்டுக்கும் சுடுகாட்டுக்கும் போய்வந்தவர்களைத்தான் எங்களில் அப்படி வாசலில் நிறுத்தித் தலைக்கு ஊற்றி உள்ளே விடுவார்கள். மாமா அம்மாவின் முகத்தைப் பார்த்தார், மேட்டைத் திரும்பிப் பார்த்தார். "யக்கா" என்றார். 

அய்யா வேலையிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். "மாப்ள, இங்க வா" என்று மாமாவைக் கூட்டிக்கொண்டு தோல் ஷாப்புச் சுவர் ஓரமாகப் போனார்.

அங்கே அய்யா என்ன சொன்னார் என்பது எனக்கு வெகுகாலம் கழித்து, மாமா கிழவரான பிறகு, அவர் வாயால்தான் தெரிந்தது. கேட்கிறவர்கள் குழம்ப வேண்டாம், இங்கேயே சொல்லிவிடுகிறேன். பெரியவர்கள் செத்தால் எரிக்கச் சுடுகாடு இருந்தது. பால் குடிக்கிற பிள்ளை போய்விட்டால் எரிக்கமாட்டார்கள், மண்ணில்தான் வைப்பார்கள். தாராவியில் தண்ணீர் ஊறாத மண் அந்த மேடு ஒன்றுதான். எங்கள் தெரு ஆண்கள் தங்கள் பிள்ளைகளை ஒரு பழந்துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டுபோய் அங்கேதான் வைத்துவிட்டு, நாய் கிளறாமல் இருக்க முள் வெட்டிப் போட்டுவிட்டு வருவார்கள். கல் நடுவதில்லை, அடையாளம் வைப்பதில்லை. வந்த பிறகு அதைப் பற்றிப் பேசக் கூடாது. போனதைப் பேசினால் அடுத்தது தங்காது என்பார்கள். அதனால் யாரும் பேசவில்லை. மாமா அந்த வருஷங்களில் எல்லாம் ரங்கூனில் இருந்தவர். அவருக்கு எப்படித் தெரியும்?

"தெரியாமப் பண்ணிட்டேன் அத்தான்" என்று மாமா சுவரில் முட்டிக்கொண்டு அழுதாராம். "ஆனா வேற எடத்துல தண்ணி ஊறுது அத்தான். நான் எங்கன கொண்டுபோயி வைக்க இவ்வளவு சனத்தையும்?"

"ஞாயித்துக்கெழம வா" என்றாராம் அய்யா. "நாங்க வந்து காட்டுதோம். அத விட்டு வெட்டு."

இது எதுவும் தெரியாமல் நான் ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர்கள் பின்னாலேயே போனேன். ஷாப்புக்கு அன்றைக்கு விடுமுறை. தெரு ஆண்கள் எல்லாரும் குளித்து, வேட்டியை மடித்துக் கட்டி, மேட்டுக்கு நடந்தார்கள்.  அய்யா ஒரு கூடை நிறையச் சுண்ணாம்பு கொண்டுவந்திருந்தார். நான் ஷாப்புச் சுவர்ப் பக்கம் நின்று எட்டிப் பார்த்தேன்.

மேட்டுக்குப் போனதும் ஆண்கள் பிரிந்து நடந்தார்கள். ஒவ்வொருவரும் புல்லை விலக்கி, தரையைப் பார்த்து, கொஞ்சம் முன்னும் பின்னும் நகர்ந்து, ஒரு இடத்தில் நின்றார்கள். நின்றால் அசையவில்லை. ஆளுக்கொரு மூலையில், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், வெயிலில் நின்றார்கள். மாமா கூடையை எடுத்துக்கொண்டு ஒவ்வொருவரிடமும் போய், குனிந்து, அவர் காலடியைச் சுற்றிச் சுண்ணாம்பால் ஒரு வட்டம் போட்டார். போட்டதும் அந்த ஆள் கவனமாகக் காலைத் தூக்கி வெளியே வந்துவிடுவார்.

வார்டன் மாமா தெரு ஆண்களுக்கு ஒத்திகை சொல்லிக் கொடுக்கிறார் என்று நான் நினைத்தேன். குண்டு விழும்போது யார் யார் எங்கே நிற்கவேண்டும் என்று. நல்ல ஏற்பாடாகத்தான் பட்டது. ஆனால் என் அய்யா மட்டும் ஒரு இடத்தில் நின்று, மாமா வட்டம் போட்ட பிறகு, இன்னொரு இடத்துக்கு நடந்துபோய் அங்கேயும் நின்றார். அய்யாவுக்கு அவருடைய இடம் மறந்துவிட்டது என்று எனக்குச் சிரிப்பு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டேன்.

எதிர்வீட்டுப் பெரியப்பா, பெரியம்மையின் வீட்டுக்காரர், எங்கேயும் நிற்கவில்லை. அவர் நேராகக் குழியின் கரைக்குப் போனார். குழிக்குள் பார்த்தார். அப்படியே உட்கார்ந்துவிட்டார். மாமா கூடையோடு அவரிடம் வந்து, "அண்ணாச்சி, ஒங்க எடம்?" என்று கேட்டார். பெரியப்பா குழியைக் கைகாட்டினார்.

மாமா தொப்பியைக் கழற்றிக் கீழே வைத்தார். குழிக்குள் இறங்கினார். மண்வெட்டி கொடுத்தார்கள், வாங்கவில்லை. கரையில் குவித்துக் கிடந்த மண்ணை இரண்டு கையாலும் அள்ளி அள்ளி, அந்த இடத்தை மட்டும் மூடினார். மற்ற ஆண்கள் சுற்றி நின்று பார்த்தார்கள், யாரும் கூட இறங்கவில்லை. அது அவர் செய்யவேண்டியது என்று விட்டுவிட்டார்கள். மூடி முடித்து மேலே வந்து, முள் வெட்டிக்கொண்டுவந்து அதன்மேல் போட்டார். பெரியப்பா எழுந்து, மாமாவின் தோளைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்.

மறுநாள் மத்தியானம் அம்மா எனக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். நான் சிரித்துக்கொண்டே, "யம்மா, நேத்து அய்யா ரெண்டு எடத்துல போயி நின்னாரு" என்றேன்.

அம்மாவின் சீப்பு நின்றுவிட்டது.

"எங்கன?"

"மேட்டுலதான். எல்லாரும் ஒவ்வொரு எடத்துல நின்னாவ. அய்யா மட்டும் ரெண்டு எடத்துல."

"நீ பாத்தியா? எடம் தெரியுமா ஒனக்கு?"

"ஓ, தெரியுமே."

அம்மா பாதி வாரிய தலையோடு என்னைக் கூட்டிக்கொண்டு கிளம்பினாள். எந்த மேட்டைத் தொட்டதற்குத் தலையில் தண்ணீர் ஊற்றினாளோ, அதற்கு அவளே என் கையைப் பிடித்துக்கொண்டு போனாள். வெயிலில் சுண்ணாம்பு வட்டங்கள் வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தன. நான் காட்டினேன். இது அய்யா. அதோ அதுவும் அய்யா.

"நல்லா பாத்துச் சொல்லுட்டி. எதுல மொத நின்னாரு?"

எனக்கு அது என்ன கேள்வி என்று இருந்தது. "இதுல மொத. பொறவு அதுல" என்றேன். அம்மா முதல் வட்டத்தின் ஓரத்தில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்து எழுந்துபோய் இரண்டாவதன் ஓரத்தில் உட்கார்ந்தாள்.  புல்லைக் கிள்ளிக்கொண்டிருந்தாள்.

திரும்பிப் பார்த்தால் தெருப் பெண்கள் எல்லாரும் வந்துகொண்டிருந்தார்கள். யார் சொல்லி வந்தார்களோ. ஒவ்வொருத்தியும் என் பக்கத்தில் வந்து, மெதுவாகக் கேட்டாள். "ஏட்டி, எங்க வீட்டுல உள்ளவுக எங்கன நின்னாக?" "தாயி, எங்க வீட்டு மாமா எங்கன?" நான் ஒவ்வொருத்தியையும் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினேன். எங்களில் பெண்கள் அந்த இடத்துக்குப் போகும் வழக்கம் இல்லை. பெற்றவள் பிள்ளையை வாசலில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட வேண்டும். வீட்டுக்காரரிடம் எங்கே வைத்தீர்கள் என்று கேட்கவும் கூடாது. இத்தனை வருஷமும் அவர்களுக்கு அந்த மேடு மொத்தமும்தான் தெரியும், இடம் தெரியாது. அது தெரியாமல் நான், தெருவே என்னை இப்படித் தாயி தாயி என்று கூப்பிடுகிறதே என்று கழுத்தை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன். மாமா தொப்பியைக் கொடுத்திருந்தால் போட்டுக்கொண்டிருப்பேன்.

கடைசியாகப் பெரியம்மை வந்தாள். கேட்கவில்லை, நின்றாள். நானாகவே சொன்னேன்.

"பெரியப்பா எங்கயும் நிக்கல பெரியம்மை. குழிக்கரையில உக்காந்துட்டாரு. மாமாதான் உள்ள எறங்கி அங்கன மூடினாரு. அந்தா, முள்ளு கெடக்கே."

"மூடிட்டானா?"

"ஆமா. கையாலயே."

"நல்லா மூடினானா?"

"நல்லா மூடினாரு. மிதிக்கவே இல்ல. தட்டித் தட்டி மூடினாரு."

 பெரியம்மை மூக்கைச் சிந்தி முந்தானையில் துடைத்துக்கொண்டு என்னைக் கேட்டாள்: "ஒம் மாமன் நேத்து சாப்பிட்டானாட்டி?"

"இல்ல."

அன்றைக்குச் சாயங்காலம் கருவாட்டுக் குழம்பும் சோறும் எதிர்வீட்டிலிருந்து வந்தன. "வார்டனச் சாப்பிடச் சொல்லு. பட்டினி கெடந்தா விசில் எப்பிடி ஊதுவான்?" என்று பெரியம்மை சட்டியை வைத்துவிட்டுப் போனாள்.

அதுவரைக்கும் மாமா ஒற்றை ஆளாகத்தான் ஓடிக்கொண்டிருந்தார். அதன்பிறகு தெருவே அவரோடு இறங்கியது. ஆண்கள் ஷாப்பிலிருந்து வந்து, கை கால்கூடக் கழுவாமல் மண்வெட்டி எடுத்தார்கள். பெண்கள் பழஞ்சாக்கைக் கிழித்து மூட்டை தைத்தார்கள், மணல் சுமந்தார்கள். பெரியம்மை பானை பானையாகக் கஞ்சி காய்ச்சினாள். மாமா சுண்ணாம்பு வட்டங்களைச் சுற்றிக் கயிறு பிடித்து, ஒவ்வொரு வட்டத்துக்கும் ஒரு முழம் விலகி வெட்டச் சொன்னார். பழைய நேர்க்குழி போய், இப்படி ஒரு வளைவு, அப்படி ஒரு வளைவு என்று ஆறு மாதிரி வளைந்து நெளிந்து ஒரு குழி வந்தது. வட்டங்களின்மேல் ஒருவர் காலும் படவில்லை.

பெரிய துரை வந்தார். சங்கு ஊதியது. மாமா விசிலை வாயில் வைப்பதற்குள் பெண்கள் பிள்ளைகளோடு இறங்கிவிட்டார்கள். தள்ளுமுள்ளு கிடையாது. ஒவ்வொருத்தியும் எங்கே போய் உட்கார வேண்டும் என்று முன்பே தெரிந்தவள்போலப் போய் உட்கார்ந்தாள். காக்கிச் சட்டை அதிகாரிக்கு முகம் கொள்ளாத சிரிப்பு. துரை கரை மேல் நடந்து பார்த்துவிட்டு நின்றார். இந்த வளைவுகளை யார் வெட்டச் சொன்னது என்று இங்கிலீஷில் கேட்க, அதிகாரி அதை இந்தியில் கேட்டார். நேராக வெட்டிய குழியில் ஒரு கோடியில் குண்டு விழுந்தால் அதன் வேகம் மறுகோடிவரைக்கும் போகுமாம். வளைவு இருந்தால் அது அங்கேயே அடங்கிவிடுமாம். படித்த இஞ்சினியர்களே இதை மறந்து நேராக வெட்டிவிடுகிறார்கள், இந்த ஆள் எங்கே கற்றுக்கொண்டான் என்று கேட்டார். மாமா ஒரு சலாம் போட்டார். அதிகாரி ரகசியமாக, "அந்தப் பாம்பு போயே போச்சா?" என்று கேட்டதற்கும் ஒரு சலாம் போட்டார்.

குண்டு பற்றி என் மாமாவுக்குத் தெரிந்த அளவு வெள்ளைக்காரனுக்கே தெரியாது என்று நான் வெகுகாலம் தெருவில் சொல்லிக்கொண்டு திரிந்தேன். கேட்டவர்கள் ஒருவரும் மறுத்ததில்லை. "ஆமாட்டி, கெட்டிக்காரன்" என்பாள் பெரியம்மை.

ஜப்பான்காரன் வரவே இல்லை. ஆனாலும் சங்கு அடிக்கடி ஊதியது. பின்னொரு நாள் துறைமுகத்தில் கப்பல் வெடித்து வானம் இருண்டபோதும், குண்டுதான் விழுந்துவிட்டது என்று எல்லாரும் அந்தக் குழிக்குத்தான் ஓடினோம். சண்டை முடிந்ததும் குழியை மூடினார்கள். மேட்டின்மேல் குடிசை ஏறியது, குடிசைமேல் மாடி ஏறியது. இப்போது போய் இங்கேதான் என்று என்னால்கூடக் கைகாட்ட முடியாது.

அந்தக் குழியில் எனக்கு ஒரே ஒரு குறைதான் இருந்தது. மற்ற பெண்கள் எல்லாருக்கும் குழியில் ஒரு வளைவு சொந்தம். எப்போது சங்கு ஊதினாலும் அவரவர் இடத்தில் போய், முதுகை மண்சுவரில் சாய்த்து, பிள்ளையை மடியில் வைத்துக்கொள்வார்கள். என் அம்மா மட்டும் அப்படி இல்லை. ஒரு தடவை இந்த வளைவில் உட்கார்ந்தால் அடுத்த தடவை என்னை இழுத்துக்கொண்டு அந்த வளைவுக்குப் போவாள். எனக்குச் சிநேகிதி எல்லாம் முதல் வளைவுப் பக்கம்.

"யம்மா, போன தடவ அங்கனதான இருந்தோம்? அங்கயே போவோம்."

"இன்னைக்கு இங்கன" என்பாள். உள்ளங்கையைச் சுவரில் வைத்துக்கொண்டு, சங்கு மறுபடி ஊதும்வரைக்கும் அப்படியே இருப்பாள். அடுத்த தடவை அங்கே.

முதல் வளைவில் யாரோடோ அம்மாவுக்குச் சண்டை, அதுதான் மாறி மாறி உட்காருகிறாள் என்று நான் நினைத்துக்கொண்டேன். அது யாராக இருக்கும் என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

எழுதி முடித்துவிட்டேன். ஏட்டி பேத்தி, அந்த போனைக் கீழே வை. இங்கே என் பக்கத்தில் வந்து உட்கார். நீ தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய், தெரியும். பரவாயில்லை, எனக்குக் கேட்கிற மாதிரி முதலிலிருந்து படி.